தாடைக்கு ஊசி கேட்டேன்

போன செவ்வாய்க்கிழமை, சேலத்தில் ஒரு டாக்டர் என் இரண்டு தாடைகளிலும் விரல் வைத்து, "பல்லை இறுக்கிக் கடிங்க" என்றார். கடித்தேன். "விடுங்க" என்றார். விட்டேன்.

பிறகு என்னுடன் வந்திருந்த மாமியாரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மறுபடி கடித்தேன்.

"அய்யே, எலுமிச்சங்கா கணக்கா எந்திரிக்குதுங்களே!" என்றார் அத்தை.

இரண்டு மாதமாக நாங்கள் பொன்னுக்கு வீங்கி என்று நம்பியிருந்தது அந்த எலுமிச்சங்காயைத்தான்.

காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் மேடு தட்டியிருந்தது. காய்ச்சல் இல்லை, வலியும் பெரிதாக இல்லை. ஆனால் எங்கள் பாலக்கோட்டில் கன்னம் வீங்கினால் அதற்கு வேறு என்ன பெயர் இருக்கிறது? பார்த்த அன்றைக்கே அத்தை தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டார். பொன் பட்டால் வீக்கம் வடியும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம்.

நான் பி.எஸ்ஸி. விலங்கியல்; மூன்று வருஷம் முன்பு, 1982-இல் முடித்தேன். அந்த நோய்க்குக் காரணம் கிருமி, அதற்கும் தங்கத்துக்கும் சம்பந்தமில்லை என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். சொன்னேனா? இல்லை... கழுத்தை நீட்டினேன்.

வாரங்கள் போயின. வீக்கம் போகவில்லை. பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா—டெய்லர் சம்சாரம், வாய்த் துடுக்கு அதிகம்—ஒருநாள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்:

"ஏன் சாந்தி, எறங்குனா சங்கிலியத் திருப்பிக் குடுக்கோணுமேன்னு உன் கன்னம் எறங்க மாட்டேங்குதா?"

நான் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. "சங்கிலி கெடக்குது போ. இவ மொகம் மொதல்ல பழையபடிக்கு வரட்டும்" என்றார். அவர்தான் என்னைச் சேலத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"இது பொன்னுக்கு வீங்கி இல்லீங்கம்மா" என்றார் டாக்டர். "மெல்லுற தசை பெருத்திருக்கு. மூட்டை தூக்கறவங்களுக்குக் கை முண்டு கட்டுதில்ல? அந்த மாதிரி. எந்நேரமும் பல்லை இறுக்கிக்கிட்டே இருந்தா இப்படி ஆகும். எப்பெப்பக் கடிக்கறீங்க?"

"தெரியலைங்க டாக்டர்" என்றேன்.

பொய். எனக்கு நன்றாகத் தெரியும்.

"தூக்கத்துல நறநறன்னு கடிக்கறாளுங்க" என்று அத்தை எடுத்துக் கொடுத்தார். "வயித்துல பூச்சின்னு நெனச்சு மருந்துகூட வாங்கிக் குடுத்தேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். "பூச்சி இல்லீங்கம்மா. மனசுல எதையோ அடக்கி வெச்சிருக்காங்க."

அத்தையின் முகம் சுருங்கிப் போனது. மருமகள் மனசில் எதையோ அடக்கி வைத்திருக்கிறாள் என்று ஒரு டாக்டர் சொன்னால், உலகம் யார் பக்கம் விரலை நீட்டும்? அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நான் அவசரமாகக் கேட்டது வேறு: "இதுக்கு மருந்து இல்லீங்களா டாக்டர்?"

ஆபரேஷன் உண்டாம். வாய்க்குள் வழியாகப் போய்த் தசையைச் செதுக்கி எடுப்பார்களாம். எனக்கு அது வேண்டாம் என்று அவரே சொன்னார். பிறகு, பேச்சுவாக்கில், வெளிநாட்டில் நடக்கும் ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். கெட்டுப்போன உணவில் ஒரு கிருமி உண்டாக்குகிற விஷம்... அதை இம்மியளவு எடுத்து, மாறுகண்ணுக்கும் ஓயாமல் துடிக்கிற இமைக்கும் ஊசியாகப் போட்டுப் பார்க்கிறார்களாம். ஊசி இறங்கிய தசை கொஞ்ச காலம் வேலை செய்யாமல் ஓய்ந்து கிடக்குமாம். வேலை இல்லாத தசை இளைக்கும் அல்லவா?

"தாடைக்குப் போட்டதா நான் கேள்விப்பட்டதில்லை. என்னைக்காவது போட்டுப் பார்ப்பாங்க" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எனக்குப் போட்டுப் பாருங்க டாக்டர்."

நிஜமாகத்தான் சொன்னேன். அத்தை பதறிப்போனார். "விஷத்தயா? பால் குடுக்கறவ ஒடம்புலயா? என்னடி பேசற?" என்றவர், உடனே டாக்டர் பக்கம் திரும்பி, "கெடுதல் பண்ணாத மாதிரி அந்த ஊசி வந்தாச் சொல்லுங்க. என் வளையல வித்தாவது போட்டுடறேன்" என்றார்.

டாக்டர் தலையை ஆட்டினார். "அதுவரைக்கும் பல்லுங்க ஒண்ணோட ஒண்ணு படாமப் பாத்துக்கச் சொல்லுங்க. அதான் இப்போதைக்கு மருந்து."

திரும்பும்போது பஸ் தொப்பூர் கணவாய் தாண்டி, தருமபுரியும் தாண்டியது. என் கைக்குழந்தை, பாப்பா, அத்தை மடியில் இருமியபடியே தூங்கினாள். அத்தை ஜன்னலைப் பார்த்தபடி, "நான் உன்னை ஏதும் கடிஞ்சு பேசினேனா?" என்று கேட்டார். "அய்யோ, இல்லீங்கத்தை" என்றேன்.

அது உண்மை. என்னைக் கடிந்ததே இல்லை.

எனக்கு இருந்தது ஒரே ஒரு வருத்தம். தினமும் காலையில் அத்தை பாப்பாவைக் குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவார். விடக்கூடாது என்று தடுப்பூசி போட்ட நர்ஸ் என்னிடம் சொல்லியிருந்தார். தினமும் நான் துண்டை ஏந்தியபடி பக்கத்தில் நிற்பேன். வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழும். பெரியவர் மனம் நோகுமே... ஐந்து பிள்ளை வளர்த்தவருக்கு நான் சொல்வதா... ஒருவேளை நர்ஸ் சொன்னதுதான் தப்போ? இத்தனையும் யோசித்து முடிப்பதற்குள் எண்ணெய் இறங்கிவிடும். என் பற்கள் இறுகிவிடும்.

பஸ்ஸில் உட்கார்ந்து இதை நினைத்தபோது உடம்பு கூசியது. ஒரு வாக்கியம் பேசுவதைவிடத் தாடையில் விஷம் ஏற்றிக்கொள்வது எனக்குச் சுலபமாகத் தெரிந்திருக்கிறது! நம்மில் எத்தனை பேர் இப்படி? வாயைத் திறந்தால் தீரும் காரியத்துக்கு, வாயைக் கட்டிக்கொண்டு வைத்தியம் தேடுகிறோம்.

மறுநாள் காலை. அத்தை காலை நீட்டி உட்கார்ந்து பாப்பாவை மடியில் மல்லாத்தினார். எண்ணெயில் விரலைத் தோய்த்தார். என் தாடை இறுகுவது எனக்கே தெரிந்தது.

"அத்தை... எண்ணெய் வேண்டாங்க. மூச்சுக் குழாய்ல எறங்கிடும்னு நர்ஸ் சொன்னாங்க. பாப்பாவுக்கு நெஞ்சுச் சளி வர்றது அதனாலதானோன்னு எனக்குப் பயமா இருக்குங்க."

விரல் நின்றது.

"எப்பச் சொன்னாங்க நர்ஸு?"

"மூணாம் மாசத்துலங்க."

பாப்பாவுக்கு இப்போது ஒன்பது மாதம்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எண்ணெய் விரலை முந்தானையில் மெதுவாகத் துடைத்தார்.

"எனக்கும் ஊத்தறப்பப் பயந்தான் கண்ணு. எம் மாமியா ஊத்துனாங்க, நானும் ஊத்தறேன், அவ்ளோதான். ஆனா நீ படிச்சவளாச்சே... தப்பா இருந்தாத் தடுப்பேன்னு தெனமும் உன் மூஞ்சியத்தான் பாப்பேன். நீ பேசாம நிப்பே. அப்பச் செரிதானாட்டம் இருக்குதுன்னு ஊத்திருவேன்."

பாப்பா அவர் மடியில் ஒருமுறை இருமினாள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

நான் மென்று விழுங்கிய ஒரு வாக்கியத்தை, ஆறு மாதமாக இருமிக்கொண்டிருந்தது என் மகள்.