என்ன பழம் என்று தெரியாத மிட்டாய்

எங்கள் கம்பெனி மிட்டாயை வாயில் போட்டால் என்ன பழம் என்று சட்டென்று எவராலும் சொல்ல முடியாது. நிறம் ஆரஞ்சு, ருசி அன்னாசி. கண் ஒன்று சொல்லும், நாக்கு இல்லவே இல்லை என்று அடம்பிடிக்கும். கண்டுபிடித்தே தீருவேன் என்று இன்னொன்றைப் பிரிப்பார்கள். இந்தச் சூட்சுமத்தில்தான் முப்பத்தெட்டு வருஷமாக வியாபாரம் ஓடுகிறது.

சூட்சுமமாவது மண்ணாங்கட்டியாவது! அது என் அக்காவின் தூக்கக் கலக்கம். கைக்குழந்தைக்குக் காய்ச்சல், இரண்டு நாளாக அவள் கண்மூடவில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய சர்க்கரைப் பாகில் ஆரஞ்சுச் சாயத்தை ஊற்றியவள், எசன்ஸ் புட்டியை மாற்றி எடுத்துவிட்டாள். நான் அப்போது மிட்டாய்க்கு உறை சுற்றிக்கொண்டிருந்தேன். "கண்ணை என்ன பொடனியிலயா வச்சிருக்கே?" என்று சூப்பர்வைசர் அத்தனை பேர் முன்னாலும் அவளைக் கிழித்தார்.

கொட்ட மனமில்லாமல் அந்தச் சரக்கைப் பாதி விலைக்குத் தள்ளினார்கள். ஒரே வாரத்தில் கடைக்காரர்கள் அதையே கேட்டு வந்து நின்றார்கள். அக்காவை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் ஓய்வு பெறும் மாதத்தில், கம்பெனி வரலாற்றைப் புத்தகமாகப் போடப்போவதாகச் சொன்னார்கள். அக்காவுக்கு ஆசை வந்துவிட்டது.

"ஒரே ஒரு வரிடி. இதைச் செஞ்சது இவதான்னு. எம்பொண்ணு படிக்கட்டும், அம்மா சும்மா அடுப்பு முன்னால வேகலைன்னு."

அச்சுக்குப் போகும் முன் கேட்டு வாங்கிப் படித்தோம். பெரிய முதலாளி, தம் மகளைச் சிரிக்கவைக்க ராப்பகலாக யோசித்து இரண்டு பழங்களைச் சேர்த்தாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவை இழுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன்.

அவர் மரியாதையாகத்தான் பேசினார். "நம்பாம இல்லம்மா. ஆனா அந்த சூப்பர்வைசரும் போய்ச் சேர்ந்துட்டார், அப்ப கூட வேலை பார்த்தவங்களும் இப்ப இல்ல, இவங்களோ உங்க தங்கச்சி. எழுத்துல ஏதாச்சும் இருக்கா?"

"இருந்துச்சு சார்," என்றாள் அக்கா. "தேதி, நேரம், எந்தப் புட்டி, எல்லாம் போட்டு அன்னிக்கே எனக்கு மெமோ எழுதினாங்க. வேலை போயிடுமோன்னு சூப்பர்வைசர் கால்ல விழுந்தேன். பாவம் பார்த்து, என் கண்ணு முன்னாலயே கிழிச்சு அடுப்புல போட்டுட்டார்."

இது எனக்கே புதுச் செய்தி. வெளியே வந்ததும் ஆத்திரம் தாங்காமல் கத்தினேன். "அடிப்பாவி! இருந்த ஒரே சாட்சி! கூடப் பொறந்தவகிட்டகூட சொல்லலையே?"

"எப்படிடி சொல்லுவேன்?" என்றாள். "அவர் கிழிச்சப்போ சந்தோஷம் தாங்காம அழுதேன்டி."