நூறு கை வரைந்த கலியமூர்த்தி

காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது, செக்‌ஷன் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. முத்தாண்டிக்குப்பம் கலியமூர்த்தி மாரடைப்பால் காலமாகிவிட்டார். இனி இந்த செக்‌ஷனில் படம் வரைகிறவன் நான் ஒருவன்தான் என்பதே எனக்கு முதலில் தோன்றியது. அடுத்த நொடி வெட்கமாகிவிட்டது. இறந்தவரைப் பற்றி எழுதும் சாக்கில் தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்வது சுலபம். எனக்கு அது வேண்டாம்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பகுதியில் அவர் கான்ட்ராக்ட் தொழிலாளி, நான் பெர்மனென்ட். ஏறத்தாழ ஒரே வயது என்றாலும் என்னை ‘சார்’ என்றே அழைப்பார். எங்கள் செக்‌ஷனில் யார் ஓய்வு பெற்றாலும் அவருடைய உருவப்படத்தைச் சட்டம் போட்டுக் கொடுப்பது வழக்கம். பல வருடங்களாக அதை வரைந்தவன் நான். போட்டோவின் மேல் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்குவேன். எல்லோரும் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலுக்காகவே அடுத்து யார் ஓய்வு பெறுகிறார் என்று விசாரித்து வைத்திருப்பேன்.

அப்படியொரு விழாவுக்கு மறுநாள் கேன்டீனில் கலியமூர்த்தி என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“சார், நானும் வரையணும்னு ரொம்ப நாளா நெனச்சிகினு இருக்கேன். எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியலைங்க.”

ஆளைக் கழற்றிவிட ஏதாவது சொல்ல வேண்டுமே. “எடுத்தவுடனே முகத்துக்குப் போகாதீங்க கலியமூர்த்தி. உங்க இடது கையை நூறு தடவை வரைஞ்சிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்” என்றேன். என் கையை நான் ஒரு தடவைகூட வரைந்ததில்லை.

இரண்டு மாதத்தில் கொண்டுவந்தார். பழைய ஷிப்ட் தாள்களின் பின்பக்கம் முழுக்கக் கைகள். முதல் இருபது, கையுறைக்குள் மண்ணை அடைத்தது போல இருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் தன் தவறைத் தானே எழுதியிருந்தார்: ‘கட்டைவிரல் நீளம்’, ‘மணிக்கட்டு இல்லை’, ‘அவசரம்’. அறுபதைத் தாண்டியதும் தோலுக்கடியில் எலும்பு தெரிய ஆரம்பித்தது. கடைசித் தாளைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. “பரவாயில்லை” என்று திருப்பிக் கொடுத்தேன்.

“அடுத்து என்னங்க சார்?”

“தூங்குறவங்களை வரைங்க” என்றேன், ஆள் கிடைக்காமல் அலையட்டும் என்று. ஷிப்ட் பஸ்ஸை மறந்துவிட்டேன். வேலை முடிந்து வரும் பஸ்ஸில் வாயைத் திறந்துகொண்டு தூங்காதவர் யார்? குலுங்கும் பஸ்ஸில் வரைந்து வரைந்து அவர் கோடு தயங்குவதை விட்டது. நான் கழற்றிவிடச் சொன்னதெல்லாம் அவருக்குப் பாடமாகிக்கொண்டே போனது. நானோ அதே கட்டங்களைப் போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த ஓய்வு விழாவுக்கு, “கலியமூர்த்தியே வரையட்டுமே” என்று போர்மேன் சொன்னார். சபையில் நானும் கைதட்டினேன். சத்தம் வந்ததா என்று தெரியாது.

பிறகு எங்கள் குடியிருப்பு பிளாக்கின் மன்றத்தில் ஓவியக் கண்காட்சி வைத்தார்கள். படங்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் நானும் இருந்தேன். கலியமூர்த்தியின் மனைவி செல்வி காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறவர். கொட்டையின் எண்ணெய் பட்டுக் கறுத்துப்போன அவர் கைகளை வரைந்து அனுப்பியிருந்தார் கலியமூர்த்தி. வெகுநேரம் பார்த்தேன். இந்த ஜென்மத்தில் என்னால் இது முடியாது.

“இது போட்டோ மேல தாளை வச்சு இழுத்தது” என்றேன். வாய் கூசவில்லை. படத்தைத் தள்ளிவிட்டார்கள். அந்த இடத்தில் என் படம் தொங்கியது.

குழுவில் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மறுநாளும் கேன்டீனில் அதே ‘வணக்கம் சார்’தான். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். இரண்டு வருடம் அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

முத்தாண்டிக்குப்பத்தில் அவர் வீட்டு வாசல் நிறைந்திருந்தது. பஸ்ஸில் தூங்கியவர்களெல்லாம் அவர் வரைந்து கொடுத்த தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சாவு வீட்டிலும் எனக்குப் பொறாமை வந்தது. அவரை எடுத்துக்கொண்டு போன பிறகு செல்வியிடம் போனேன்.

“உங்க கை படத்தைக் கண்காட்சியில வேணாம்னு சொல்ல வச்சது நான்தாம்மா. போட்டோ மேல தாளை வச்சு இழுத்ததுன்னு சொன்னேன்.”

“தெரியுங்க” என்றார். “அன்னிக்கே வூட்டுக்கு வந்து சொன்னாரு. ‘சாரே போட்டோன்னு நெனச்சிட்டாருடி, அவ்ளோ நல்லா வந்திருக்குது’ன்னாரு. ரெண்டு நாளு அந்தப் படத்தை எடுத்து எடுத்துப் பாத்துகினே இருந்தாருங்க. அதுக்கு முன்ன நீங்க அவரு படத்தை நல்லா இருக்குதுன்னு சொன்னதே இல்லியாமே.”

அங்கே சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

கலியமூர்த்தி, நான் அதைப் போட்டோ என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை. நீங்கள் வரைந்தது என்று பார்த்தவுடனே தெரிந்தது. அதனால்தான் அப்படிச் சொன்னேன். போய் வாருங்கள்.