அக்கா ஃபியூஸ் பாக்ஸை இடம் மாற்றிய வாரம்

ஈரம் ஏறிய கார்ப்பெட் வாடையும் பிளாஸ்டிக் கருகிய நெடியும்... இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏறினால் எனக்கு அந்த மழைக்காலச் செவ்வாய்க்கிழமைதான் ஞாபகம் வரும்.

அப்பாவுக்கு அப்போது வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். செவ்வாயும் வெள்ளியும். திண்டிவனத்திலிருந்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு எங்களுடைய பழைய டீசல் காரில் நான்தான் கூட்டிப்போவேன்.

அன்றைக்குக் கூட்டேரிப்பட்டு தாண்டியதும் கொட்டுகிற மழை. திடீரென்று வைப்பர் நின்றது. ஹெட்லைட் போனது. பானெட் இடுக்கிலிருந்து புகை. ஓரங்கட்டி ஆஃப் செய்தேன். அப்புறம் வண்டி ஸ்டார்ட் ஆகவே இல்லை.

நனைந்தபடி அப்பாவைக் கைத்தாங்கலாக ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றி, ஒருவழியாக ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம்.

அன்று வீடு திரும்பியதும் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"வெள்ளிக்கெழம நான் வர்ல. போதும்டா. எனக்காக எல்லாரும் பேஜாரு பட்டுக்கினு..."

டயாலிசிஸை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும்.

அக்கா வசந்தி லீவில் வந்திருந்தாள். எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்துவிட்டு, புதுச்சேரி பக்கம் ஒரு பேனல் போர்டு கம்பெனியில் வேலை. மறுநாள் காலையில் நான் வண்டியைக் கட்டி இழுத்து வந்து வாசலில் விட்டதும், அவள் நேராகப் போய் பானெட்டைத் திறந்தாள்.

"டேய், இங்க பாரு. முன்கண்ணாடி ரப்பர் மக்கிப்போயி, மழத்தண்ணி நேரா ஃபியூஸ் பாக்ஸ் மேலதான் ஊத்துது. எத்தினி ஃபியூஸ் மாத்தினாலும் பூடும். பொட்டிய வண்டி உள்ள கொண்டு போயிடணும்."

கார் எலக்ட்ரீஷியனுக்கு போன் போட்டால், திங்கட்கிழமைக்கு முன்னால் முடியாது என்றார்.

"சரி, நாமளே பண்ணிக்கலாம்," என்றாள் அக்கா.

முதலில் பேட்டரி வயரைக் கழற்றினாள். ஃபியூஸ் பாக்ஸில் கை வைத்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. வயர்கள் எல்லாம் சாயம் போய், மண் ஏறி, ஒரே செம்மண் நிறம். எது ஹாரன், எது லைட்... ஒன்றும் புரியவில்லை.

அக்கா உள்ளே போய், அப்பா கையில் ஊசி போட்ட இடத்தில் ஒட்டுகிற பிளாஸ்டரையும் ஒரு பேனாவையும் எடுத்து வந்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பாவிடம் நீட்டினாள்.

"யப்பா, என் கையெல்லாம் கிரீஸு. நீ நம்பர் எழுதி எழுதிக் குடு."

அப்பா முதலில் முறைத்தார். அப்புறம் நாற்காலியை வண்டிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். துண்டு துண்டாகப் பிளாஸ்டர் கிழித்து, நம்பர் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவள் ஒவ்வொரு வயரிலும் சுற்றினாள்.

இன்ஜினையும் உள்பக்கத்தையும் பிரிக்கிற தகட்டில் நான் ஓட்டை போட்டேன். விளிம்பு வயரை அறுக்காமல் இருக்க ரப்பர் வளையம் மாட்டினோம். வயர்களை நீட்டி, ஈயம் வைத்து, டேப் சுற்றி... பாக்ஸ் டேஷ்போர்டுக்குக் கீழே போய் உட்கார வியாழன் சாயங்காலம் ஆகிவிட்டது.

லைட் எரிந்தது. வைப்பர் ஓடியது. வண்டியும் ஸ்டார்ட் ஆனது.

பிரேக்கை மிதித்தேன். ஹாரன் அடித்தது.

மறுபடி மிதித்தேன். மறுபடி ஹாரன். எதிர்வீட்டு ஜன்னலில் தலைகள் முளைத்தன.

அக்கா குனிந்து ஒரு பிளாஸ்டரைப் பார்த்தாள். "யப்பா, இது பதினொண்ணா, பதினேழா?"

"ஏழுதாம்மா. என் ஏழுக்குத் தல கொஞ்சம் சின்னது."

அக்கா சிரித்துக்கொண்டே அந்த இரண்டு வயரையும் மாற்றிப் போட்டாள். அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை நாங்கள் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவரே சட்டை போட்டுக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். அக்கா பின்னால் ஏறினாள்.

விக்கிரவாண்டி கிட்டே மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் போட்டேன். ஓடியது. இப்படியும் அப்படியுமாக, சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது.

அப்பா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்:

"செவ்வாக்கெழம கொஞ்சம் ஜல்தியா கெளம்பிடலாம்டா. கூட்டம் கம்மியா இருக்கும்."

அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்கப்புறம் அப்பா மூன்று வருஷம் இருந்தார்.

இப்போது அக்கா கோயம்புத்தூரில். அந்தக் காரும் கைமாறிப் போய்விட்டது. போன மாதம் என் புதுக்காரில் ஏதோ ஒரு சிவப்பு லைட் எரிந்தது. விழுப்புரத்தில் சர்வீஸுக்கு விட்டேன். லேப்டாப்பைச் செருகினார்கள், பத்தே நிமிஷம், முடிந்தது. நான் ஏசி ரூமில் காபியோடு உட்கார்ந்திருந்தேன். குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தப் பத்து நிமிஷமும் நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை...

வெளியே வந்ததும் அக்காவுக்கு போன் போட்டேன்.

"இன்னாடா, வேல நேரத்துல?" என்றாள்.

"சும்மாதான்க்கா," என்றேன்.