மிஞ்சிய வாஷர்

காலடிப்பேட்டை வீட்டு முன்னறையில் தம்பி இன்று அப்பாவின் பழைய ஸ்கூட்டரைக் கழற்றிப் போட்டிருக்கிறான். மண்ணெண்ணெய் வாடை சமையலறைக்கு வந்ததும் எனக்குப் பழைய எரிச்சலும் வந்துவிட்டது.

அப்போது ராயபுரத்தில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. துறைமுகத்தில் கிரேன் ஃபிட்டரான அப்பா, காயலான் கடையில் வாங்கிய இந்த ஸ்கூட்டரில்தான் என்னை, முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைப் பூசைக்கு, மாதா கோயிலுக்கு அழைத்துப்போவதாகச் சத்தியம் செய்திருந்தார். நான்கு மாதம் அதன் பாகங்கள் அம்மாவின் இட்லிப் பானையில் ஊறின. புதுநன்மை நாளன்று, காலை ஏழு மணிப் பூசைக்கு, ஆறு நாற்பதுக்குத்தான் வண்டி ஸ்டார்ட் ஆனது. வெள்ளைக் கவுனோடு நான் ஏறப்போனபோது, தரையில் ஒரு வாஷர் மிஞ்சிக் கிடப்பதை அப்பா பார்த்துவிட்டார். உடனே எஞ்சினை நிறுத்தி மறுபடி கழற்றினார்.

"அதான் ஓடிக்கினு கீதே, அப்பறம் இன்னா?" என்றாள் அம்மா.

"கிரேன்ல இப்டி வுட்டா ஆள் செத்துடுவான்."

"யோவ், இது இன்னா கிரேனா? புள்ளைக்குப் பூச முடிஞ்சிடும்யா!"

நாங்கள் நடந்தே போனோம். பூசை முடிந்து வெளியே வந்தால், வாசலில் அப்பா ஹாரன் அடிக்கிறார்.

"கரீக்டா மாட்டிட்டேன் கண்ணு, ஏறு."

நான் ஏறவில்லை. வீடுவரை திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். அவர் முதல் கியரிலேயே என் பின்னால் வந்துகொண்டிருந்தார்.