நர்சம்மா ஜீப்புக்குக் கட்டிய பாட்டில்

எங்கள் ஜீப்பின் பானெட்டைத் தூக்கினால் இடது பக்கத் தகட்டில், சைக்கிள் டியூப் வாரால் இறுக்கிக் கட்டிய ஒரு கண்ணாடிப் பாட்டில் தெரியும். அதன் வாயில் ரப்பர் அடைப்பான். அடைப்பானில் இரண்டு துளை, துளைக்கு ஒன்றாக இரண்டு குழாய். ஒரு குழாய் பாட்டிலுக்குள் நன்றாக இறங்கியிருக்கும், மற்றது கழுத்தோடு நின்றுவிடும். அடியில் சுக்குக் காப்பி நிறத்தில் எண்ணெய் தேங்கிக் கிடக்கும். பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? "இன்னா டைவரே, வண்டிக்குக் குளுக்கோஸ் ஏத்துறியா?" என்று கேட்காத ஆள் அந்த ஜவ்வாது மலையில் கிடையாது. போன மாதம் என் மகன் தன் காருக்கு ஒரு அலுமினிய டப்பா வாங்கி மாட்டிவிட்டு, "ஆயில் கேட்ச் கேன்பா, இப்பத்தான் வந்திருக்கு. இன்ஜினுக்குள்ள போற காத்துல எண்ணெ கலக்காம புடிச்சு வெச்சுக்கும்" என்று எனக்குப் பாடம் எடுத்தான். இப்பத்தான் வந்திருக்காம்! எழுபதுகளின் கடைசியிலேயே அதைச் செய்து மாட்டியவர் ஒரு நர்ஸ் என்று சொன்னேன். அவன் சிரித்தான். சிரிக்கட்டும். நான் அந்த ஜீப்பை ஓட்டியவன்.

திருப்பத்தூரில் இருந்த ஒரு தர்ம மருந்தகத்தின் ஜீப் அது. பெட்ரோல் வண்டி, பழசு. அதில் மருந்துப் பெட்டியை ஏற்றிக்கொண்டு நர்சம்மா மலைக்குப் போவார், நான் ஓட்டுவேன். காவலூரில் ஒரு புளியமரத்தடியில் முதல் நிறுத்தம். அங்கிருந்து மண் பாதையில் ஏறி மேலே இருக்கிற சிற்றூர்களுக்கு. நர்சம்மா ஆள் குள்ளம், குரல் மட்டும் கோயில் மணி. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் அறையில் வருஷக்கணக்காக நின்றவர். டாக்டர்களையே அதட்டிப் பழகியவருக்கு நானெல்லாம் எந்த மூலைக்கு? வண்டி குலுங்கினால் "டிரைவரே, உள்ள மனுஷி இருக்கேன், மூட்டை இல்ல" என்பார். நான் பதிலுக்கு, "ரோட்டப் போட்டவன்கிட்ட சொல்லுங்க நர்சம்மா" என்பேன். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான். இப்படி முறைத்துக்கொண்டே போவோம், வருவோம். ஆனால் ஒரு நாள் அவர் வராவிட்டால் எனக்கு வண்டி ஓட்டக் கை வராது.

ஜீப்புக்கு ஒரு சீக்கு இருந்தது. மலை இறங்கும்போது கியரில் போட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, இன்ஜினைப் பிடிமானமாக வைத்துத்தான் இறங்க வேண்டும். அப்படி இறங்கி வந்து மறுபடி மிதித்தால் பின்னால் நீலப் புகை குபுகுபுவென்று கிளம்பும். பிளக்குகள் கரி பிடித்துப் போகும். அடுத்த ஏற்றத்தில் வண்டி இருமும், திக்கும், பாதியில் நின்றே விடும். நான் இறங்கிப் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுவேன். வேகாத வெயிலில் நர்சம்மா குடையைப் பிடித்துக்கொண்டு என் தலைமாட்டில் நின்று, "இன்னும் எத்தினி நேரம்?" என்று கேட்பார். இன்ஜினே போய்விட்டது, வண்டியை விற்றுத் தள்ளிவிடுவதுதான் நல்லது என்று ஊரில் ஒரு மெக்கானிக் சொல்லிவிட்டார்.

அது மருந்தகத்தின் செயலாளர் காதுக்குப் போயிற்று. அவர் வாணியம்பாடித் தோல் வியாபாரி. எல்லோருக்கும் அவர் பாய்தான். நல்ல மனுஷர், ஆனால் வியாபாரி. ஒரு நாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "அடுத்த வாரம் நானே மலைக்கு வர்றேன். வண்டி மேல் ஊரு வரைக்கும் ஏறுனா சரி, வெச்சுக்கலாம். ஏறலன்னா வித்துடலாம். நர்சம்மா கீழயே மருந்தகத்துல உக்காரட்டும். வயசாவுது, அவங்களுக்கும் நல்லதுதானே?" நர்சம்மா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வெளியே வந்த பிறகு என்னிடம், "கீழ ஒக்காந்தா மேல இருக்கிறவங்க எறங்கி வருவாங்களா? ஒருத்தி வர மாட்டா. அங்கயே சாவாங்க" என்றார். அவருக்குக் கோபம் வந்து பார்த்திருக்கிறேன். பயந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டரை நான் கழற்றிக்கொண்டிருந்தபோது அவர் வந்து எட்டிப் பார்த்தார். காற்று போகிற வழியெல்லாம் தார் பூசினாற்போல எண்ணெய்ப் பிசுக்கு. "மூச்சுக்குழாய்ல இவ்ளோ சளி எங்கிருந்து வருது?" என்று கேட்டார். எரிச்சலோடுதான் விளக்கினேன். பிஸ்டன் ஓரமாகக் கொஞ்சம் புகை கசிந்து கீழே எண்ணெய் அறைக்குள் இறங்கும். அதை வெளியேற்றியாக வேண்டும். அதற்கு ஒரு சின்னக் குழாய் போட்டு, இன்ஜின் உறிஞ்சுகிற காற்றோடேயே சேர்த்துவிட்டிருக்கிறார்கள். இறக்கத்தில் இன்ஜின் வெறியோடு உறிஞ்சும்போது புகையோடு எண்ணெயும் சேர்ந்து வந்துவிடுகிறது. நர்சம்மா ஒரு நிமிஷம் குழாயையே பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி மனுஷா! சக்‌ஷன் மெஷினை பாட்டில் இல்லாம ஓட்டுறியா?"

ஆபரேஷன் அறையில் நோயாளி தொண்டையிலிருந்து கோழையை உறிஞ்சி எடுக்க ஒரு மெஷின் உண்டாம். கோழை நேராக மெஷினுக்குப் போனால் மெஷின் பாழாகிவிடும். அதனால் நடுவில் ஒரு பாட்டில் வைப்பார்கள். கோழை பாட்டிலில் விழும், வெறும் காற்று மட்டும் மெஷினுக்குப் போகும். அவ்வளவுதான் சமாசாரம். சொன்ன கையோடு மருந்தகத்தில் இருந்த ஒரு பாட்டிலையும் அடைப்பானையும் கொண்டுவந்துவிட்டார். நான் முனகிக்கொண்டே மாட்டினேன். முதலில் குழாய்களை மாற்றி மாட்டிவிட்டேன். எண்ணெய் வருகிற குழாய் கழுத்தோடும், இன்ஜினுக்குப் போகிற குழாய் அடியிலும் இருந்தால் என்ன ஆகும்? தேங்கிய எண்ணெயை இன்ஜின் உறிஞ்சு குழல் போட்டுக் குடித்தது. தெருவே நீலப் புகை. நர்சம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "புதுசா சேர்ற பொண்ணுங்க எல்லாம் இதே தப்பத்தான் பண்ணும். மாத்திப் போடு." மாற்றிப் போட்டேன். ஏலகிரிப் பக்கம் ஒரு இறக்கத்தில் இறக்கிப் பார்த்தேன். புகை இல்லை. பாட்டிலின் அடியில் எண்ணெய் சேர்ந்திருந்தது. நானே போய், "நர்சம்மா, கையக் குடுங்க" என்று கேட்டு வாங்கிக் குலுக்கினேன்.

பாய் வருகிற நாளும் வந்தது. வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக முன் சீட்டில் உட்கார்ந்தார். காவலூர் வரை ஜீப் பூனை மாதிரி ஏறியது. நர்சம்மா பின்னாலிருந்து என் முதுகில் ஒரு விரலால் தட்டினார். அது பாராட்டு. புளியமரத்தடியில் வழக்கம்போலக் கூட்டம். அங்கே நட்சத்திரம் பார்க்கிற ஆய்வுக்கூடம் ஒன்று உண்டு, அதன் வேலையாட்கள் இரண்டு பேரும் தலைவலி மாத்திரைக்கு நின்றார்கள். இன்ஜின் ஆறட்டும் என்று பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, பாயை அழைத்துக்கொண்டு டீக்குப் போனேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் மருந்துத் தண்ணீர் வாங்க வருகிறவர்கள் பாட்டிலைக் கையோடு கொண்டுவர வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் அதுதான் வழக்கம். நர்சம்மா அதில் ரொம்பக் கண்டிப்பு. மலையில் பாட்டிலுக்கு எங்கே போவார்கள்? ஒரு வீட்டில் ஒரு பாட்டில் இருந்தால் ஊரே அதைக் கடன் வாங்கும். முந்தின வாரம் ஒரு பெண், இருமுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சுரைக்குடுக்கையை நீட்டினாள். "இதுல ஊத்துனா மருந்து கெட்டுப் போவும். பாட்டில் எத்துனு வா" என்று நர்சம்மா திருப்பி அனுப்பிவிட்டார்.

நாங்கள் டீ குடித்துவிட்டு வந்தபோது அதே பெண் வரிசையில் முதல் ஆளாக நின்றாள். குழந்தை முன்னைவிட மோசமாக இருமியது. அவள் கையில் நீட்டியிருந்தது எங்கள் ஜீப்பின் பாட்டில்! திறந்து கிடந்த பானெட்டுக்குள் ஒரு பாட்டில் சும்மா தொங்குகிறதே, அதுவும் மருந்து வண்டியில், நமக்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். அடைப்பானைப் பிடுங்கி வைத்துவிட்டு, கொதிக்கிற பாட்டிலைக் கொண்டுபோய்ச் சுனைத் தண்ணீரில் முக்கிக் கழுவியிருக்கிறாள். சூட்டுக்கும் குளிருக்கும் கண்ணாடி தாங்குமா? அடியிலிருந்து கழுத்துவரை விரிசல் விட்டிருந்தது. அது தெரியாமல் அவள் பெருமையாகச் சொன்னாள்: "பாட்டில் கொண்டாந்துட்டேன் நர்சம்மா. சாம்பல் போட்டுத் தேச்சிட்டேன்."

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது. பெட்டிக்குள் ஒரே ஒரு நல்ல பாட்டில் மிச்சம் இருந்தது. ஜீப் பாட்டில் உடைந்தால் ஆகும் என்று நானே பத்திரப்படுத்தி வைத்தது. ஓடிப்போய் அதை எடுத்தேன். எடுத்த கையை நர்சம்மா பிடித்துக்கொண்டார்.

"வுடு டிரைவரே."

"நர்சம்மா, இன்னும் மேல ஏத்தம் கீது. பாய் பாத்துனு நிக்கிறாரு. இது இல்லன்னா வண்டி நின்னுடும். வண்டி நின்னா..."

"நின்னா நிக்கட்டும். போன வாரம் நான் திருப்பி அனுப்பின கொயந்த இது."

அவ்வளவுதான். பாட்டிலை வாங்கி, மருந்தை ஊற்றி, அளவு தெரியப் பக்கவாட்டில் காகிதம் ஒட்டி அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். எப்படிக் கொடுக்க வேண்டும் என்று மூன்று தரம் சொல்லி, அவளைத் திருப்பிச் சொல்ல வைத்தார். பாய் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். எனக்கு நர்சம்மா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதே நேரத்தில் காலில் விழலாம் போலவும் இருந்தது. அந்த இரண்டும் சேர்ந்து அதற்குப் பிறகு எனக்கு யாரிடமும் வந்ததில்லை.

நடந்தது என்னவென்று அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் சுண்டிப்போயிற்று. கும்பிட்டாள், அழுதாள். பிறகு சட்டென்று தோளில் தொங்கிய சுரைக்குடுக்கையைக் கழற்றி, தண்ணீரைக் கொட்டிவிட்டு என்னிடம் நீட்டினாள். "எங்க கொயந்தைக்குத்தான் ஆவாதுன்னீங்க. ஜீப்புக்காவது ஆவுமா பாரு அண்ணே."

நான் சிரிப்பதா அழுவதா என்று நின்றேன். நர்சம்மா அதை வாங்கித் தட்டிப் பார்த்தார். நன்றாகக் காய்ந்த குடுக்கை, கல் மாதிரி இருந்தது. "கொண்டா அந்த அடைப்பானை" என்றார். கழுத்துக்கு அடைப்பான் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. காயத்துக்குச் சுற்றுகிற துணியைச் சுற்றி, அதன் மேல் பிளாஸ்திரியை இழுத்து இழுத்து ஒட்டினார். கால் உடைந்தவனுக்குக் கட்டுப் போட்டதுபோலத் துளி காற்றுப் போகாமல் கட்டினார். நான் அதைச் சூடு படாத பக்கமாகத் தகட்டோடு சேர்த்துக் கட்டினேன். ஸ்டார்ட் பண்ணினேன். இன்ஜின் சீராக ஓடியது.

மேல் ஊர்ப் பாதையில் ஒரு இடத்தில் சரேலென்று இறங்கி, உடனே நெட்டுக்குத்தாக ஏற வேண்டும். ஜீப் எப்போதும் மானத்தை வாங்குகிற இடம் அதுதான். இறங்கும்போது பாய் தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தார். நான் எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். மிதித்தேன். வண்டி ஒரு தரம் உறுமிவிட்டு ஏறத் தொடங்கியது. இருமவில்லை, திக்கவில்லை. நீலப் புகையைக் காணோம். மேலே போய் நிறுத்தியதும் பாய் தானே இறங்கி பானெட்டைத் தூக்கினார். குடுக்கையை விரலால் தட்டினார். உள்ளே எண்ணெய் தளும்பியது. "மாஷா அல்லாஹ்" என்றார். நர்சம்மா முன்னால் போய் நின்று, "பாய், வண்டிய வித்தீங்கன்னா நான் நடந்தே வந்துடுவேன். மருந்துப் பெட்டி நடக்காது. யோசிச்சுக்கோங்க" என்றார். பாய் பானெட்டை மெதுவாக இறக்கி மூடினார்.

இப்போது அந்த மலைக்கு நல்ல ரோடு இருக்கிறது, பஸ் போகிறது. ஊசி போட்டுக்கொள்ளக் கீழே வருகிற பிள்ளைகள் டூவீலரில் பறந்து வருகிறார்கள். என் மகன் காரின் டப்பாவும் எண்ணெயை ஒழுங்காகத்தான் பிடிக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை நம்பி எந்த ஊரும் மருந்துக்குக் காத்திருக்கவில்லை. எங்கள் குடுக்கை ஏறியது வேறு ஏற்றம்.

அன்று சாயங்காலம் திருப்பத்தூர் வரும்வரை வண்டியின் முடிவு என்னவென்று எங்களுக்குத் தெரியவில்லை. மருந்தக வாசலில் இறங்கியவர் பின்பக்கம் வந்து, நர்சம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"நாளைக்கு எந்த ஊரும்மா போறீங்க?"

நர்சம்மா ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"சரி. காலைல கெளம்பறதுக்கு முன்ன ரெண்டு டஜன் பாட்டில் அனுப்பி வெக்கிறேன். வண்டிலயே வெச்சிக்கோங்க. பாட்டில் இல்லன்னு இனிமே யாரையும் திருப்பி அனுப்பாதீங்க."

நர்சம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"ரெண்டு டஜன் பத்தாதுங்க பாய். மல பெருசு."