லிப்ட்காரர் வக்கீலான கதை

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட லிப்ட் மெக்கானிக், ஒரே நாளில் வக்கீலானார். கறுப்பு அங்கி அணியும் வக்கீல் அல்லர். நிக்காஹ் சபைக்கு வர இயலாத மாப்பிள்ளையின் சார்பில் சம்மதம் சொல்லும் வக்கீல். மாப்பிள்ளை அவருடைய அக்கா மகன். கப்பலில் வேலை, விடுப்புக் கிடைக்கவில்லை.

"அவனே வீடியோல சொல்லிட்டா என்ன ஹஜ்ரத்?" என்று நிக்காஹ் நடத்திவைக்கவிருந்த பள்ளிவாசல் இமாமிடம் அக்கா கேட்டார்.

"செல்லும்னு சொல்றவங்களும் இருக்காங்கம்மா, செல்லாதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. ஒரே சபைல கேட்டு, அங்கயே பதில் வரணும். சாட்சிங்க ரெண்டு பேர் காதுலயும் விழணும். நடுவுல லைன் போச்சுன்னா? வக்கீல் வச்சிட்டா வம்பே இல்ல. ஆனா 'மருமகனுக்காக'ங்கிற வார்த்தைய அவர் முழுங்கிடக் கூடாது. முழுங்கினா மருமகனுக்கு நிக்காஹ் ஆகாது."

"அப்ப யாருக்கு ஆகும்?" என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

ஹஜ்ரத் மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்தார்.

பதற்றம் வந்தால் சொற்களை விழுங்குவது மெக்கானிக்கின் பிறவிக் குணம். "நம்ம நிக்காஹ்ல, கேக்கறதுக்கு முன்னாடியே ஏத்துக்கிட்டேன்னு சொன்ன ஆளுதானே நீங்க?" என்று மனைவி வேறு குத்திக்காட்டினாள். அன்றிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. பெருமை பாதி, பயம் பாதி. இயந்திர அறையில் எண்ணெய் விடும்போதும் "மருமகனுக்காக ஏற்றுக்கொண்டேன்" என்று முழங்கினார். பாதி வழியில் நின்றுபோயிருந்த லிப்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கெஞ்சியது: "அண்ணே, ஏத்தவெல்லாம் வேணாம். இறக்கி விட்டாப் போதும்."

நிக்காஹ் நாளில் பெண் வீட்டுக் கூடம் நிரம்பி வழிந்தது. மேசைமேல் மடிக்கணினி, அதில் மாப்பிள்ளையின் முகம். பெண்ணின் தகப்பனார், மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மஹர் தொகையைக் குறிப்பிட்டு, மாப்பிள்ளையின் பெயரையும் சொல்லி, "என் மகளை உங்கள் மருமகனுக்கு மணமுடித்துத் தந்தேன்" என்றார். அந்தக் கணத்தில் திரை உறைந்தது. மாப்பிள்ளை வாயைப் பிளந்தபடி சிலையானான்.

எல்லாக் கண்களும் மெக்கானிக்கின் பக்கம் திரும்பின. "மரு..." என்று புறப்பட்ட சொல் பாதி வழியிலேயே நின்றது. கதவோரம் நின்ற மனைவி ஒரு பார்வை பார்த்தாள். சொல் பிய்த்துக்கொண்டு வந்தது.

"இந்த நிக்காஹை என் மருமகனுக்காக ஏற்றுக்கொண்டேன். மருமகனுக்காக மட்டும்."

சாட்சிகள் இருவரும் சிரிப்பை அடக்க முடியாமல் தலையாட்டினார்கள்.

"'மட்டும்' கூடுதல்தான்," என்றார் ஹஜ்ரத். "ஆனா செல்லும்."

துஆ ஓதி முடித்தபின் திரை அசைந்தது.

"மாமா, லைன் போயிடுச்சு. ஆரம்பிச்சாச்சா?"

மெக்கானிக்கை முந்திக்கொண்டு மனைவி பதில் சொன்னாள்: "முடிஞ்சே போச்சுடா. நல்ல வேளை, உனக்குத்தான் ஆச்சு."