அதிகாரி எடுத்த தண்ணீர்

தண்ணீரில் ஈயம் எவ்வளவு கொஞ்சமாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடும் ஒரு சோதனை முறையை உருவாக்கினேன். என் ஆராய்ச்சிக் காலம் பெரும்பாலும் அதற்கே போனது. நான் பெயர்கூடக் கேள்விப்படாத ஊர்களில் இருப்பவர்கள் அதைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை மேற்கோள் காட்டுகிறார்கள். கல்லூரி விழாக்களில் அதைச் சொல்லிச் சால்வை போர்த்தும்போது எனக்கு எரிச்சல்தான் வரும்.

கட்டுரைக்காக நான் சோதித்தது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் ஒரு தெருவின் போர்வெல் தண்ணீரை. அதில் ஈயம் நிறையவே இருந்தது. கட்டுரை உலகம் சுற்றியது, தெரு அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது.

அங்கே எனக்குப் பழக்கம், கம்பெனி கேன்டீனில் வேலை பார்க்கும் ஓர் அம்மா. போன கோடையில் அவர் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

"பொண்ணு மாசமா வந்துகீது மேடம். இந்தத் தண்ணிய குடுக்கலாமா, கூடாதா? ஒரே பேச்சா சொல்லுங்க."

"குடுக்காதீங்கம்மா. வயித்துல இருக்கிற குழந்தையப் பாதிக்கும். காய்ச்சினாலும் ஈயம் போகாது."

"அப்ப இன்னாத்த குடிக்கிறது?"

எப்போதாவது வரும் லாரித் தண்ணீர் சமையலுக்கே போதாது. அவள் குடிக்க மட்டும் கேன் தண்ணீர் போடச் சொல்லிவைத்தேன். தெரு முழுவதற்கும் என்ன செய்வது? போர்வெல்லை மூடிக் குழாய் இழுக்க வேண்டுமென்றால் அரசு சோதித்த முடிவு வேண்டும். கட்டுரையோடு அரசு அலுவலகத்தில் போய் நின்றேன். "ஆராய்ச்சி வேற, நடவடிக்கை வேற மேடம்" என்றார்கள். நடையாய் நடந்து, கடைசியில் மாதிரி எடுக்க ஓர் அதிகாரி வருவதாக நாள் குறித்தார்கள். அன்று எனக்குத் திருவள்ளூரில் தேர்வுப் பணி. தெருவுக்குச் செய்தி சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

கொஞ்ச நாளில் முடிவு வந்தது. ஈயமே இல்லை. அந்த அம்மாவிடம் ஓடினேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"அன்னிக்குத் தெருவே கூடி வேலை செஞ்சோம் மேடம். வாசல் தெளிச்சு, கோலம் போட்டு, போர்வெல் தொட்டிய காலி பண்ணித் தேய்ச்சுக் கழுவி, காசு போட்டு லாரித் தண்ணி வாங்கி ரொப்பி வெச்சோம். ஆபீசர் வர்ற எடத்துல அந்த மஞ்சத் தண்ணியையா காட்டறது? மானம் போயிடும்ல?"

"அம்மா, அவர் சோதிச்சது லாரித் தண்ணிய. உங்க தண்ணிய இல்ல."

"கெவருமெண்டே நல்ல தண்ணின்னு சொல்லிட்ச்சு. நீங்க ஏன் இன்னும் பேஜாராவுறீங்க? கேன் போடறவரையும் நிறுத்தச் சொல்லிட்டேன். உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?"

அங்கேயே நின்று அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மறுபடி எடுக்க முடியாது, புகார் முடிந்துவிட்டது என்றார்கள். எனக்கு அழுகை வந்தது. தெரிந்த வேதியியலையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே பழையபடி போர்வெல் தண்ணீர் ஏறியிருந்த தொட்டியின் குழாயில் ஒரு சொம்பு பிடித்து வந்து நீட்டினார்.

"வெயில்ல வந்துக்கிறீங்க. மொதல்ல தண்ணி குடிங்க."

நான் கை நீட்டவில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்த மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். என் தயக்கத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு.

"மேடத்துக்குப் பயம் போல. கொடும்மா, நான் குடிச்சுக் காட்டறேன்."

நான் தடுப்பதற்குள் அண்ணாந்து மடமடவென்று குடித்தாள்.